வானத்துக்கு நாள் குறித்தார்கள்!

கல்யாணத்துக்கு நாள் பார்க்கிறவர்கள் பஞ்சாங்கத்தைப் புரட்டுகிறார்கள். வீடு கட்டத் தொடங்குகிறவர்களும் நல்ல நேரம் பார்க்கிறார்கள். ராக்கெட்டுக்கும் முகூர்த்தம் உண்டு என்றால் சிரிக்கத் தோன்றும். ஆனால், உண்மை அதுதான்! அந்த முகூர்த்தத்தைக் குறிப்பவர்கள் கணித நிபுணர்கள். சில சமயங்களில் அது ஒரு நாழிகை கூட நீடிப்பதில்லை. ஒரே ஒரு விநாடிதான்!

ஒவ்வொரு வருஷமும் ஜனவரி பிறந்ததும், அந்த வருஷத்தில் எந்தெந்த ராக்கெட் எப்பொழுது கிளம்பும் என்று உலக நாடுகள் பட்டியல் போடுகின்றன. அந்தப் பட்டியலில் எத்தனை நிறைவேறுகிறது? எத்தனை தள்ளிப் போகிறது? எத்தனை கடலில் விழுகிறது? குறித்த நாளைத் தள்ளிப் போடுவது அவமானமா, அறிவா? இந்தக் கேள்விகளுக்கெல்லாம் 2023-ம் வருஷம் நல்ல பாடமாக அமைந்தது.

ஜனவரியில் போட்ட பட்டியல்

அந்த வருஷம் பிறந்தபோது பட்டியல் மிகவும் நீளமாக இருந்தது.

அமெரிக்காவில் "வல்கன்" என்ற புதிய ராக்கெட் முதல் முறையாகக் கிளம்பும் என்றார்கள். ஐரோப்பிய நாடுகள் "ஏரியான்-6" என்ற ராக்கெட்டைத் தயார் செய்து கொண்டிருந்தன. ஜப்பான் "எச்-3" என்ற ராக்கெட்டைத் தளத்துக்குக் கொண்டு வந்திருந்தது. "ஸ்டார்லைனர்" என்ற கலத்தில் இரண்டு வீரர்கள் விண்வெளி நிலையத்துக்குப் போய் வருவார்கள் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. பிரிட்டிஷ் மண்ணிலிருந்து முதல் தடவையாகச் செயற்கைக் கோள்கள் செல்லும் என்று செய்தி வந்தது.

சந்திரனை நோக்கிப் பெரும் போட்டியே இருந்தது. ஜப்பானியக் கம்பெனி ஒன்றின் கலம் ஏற்கனவே பாதி வழியில் இருந்தது. ருஷ்யாவின் "லூனா-25", இந்தியாவின் "சந்திரயான்-3" ஆகிய இரண்டும் முறை பார்த்து நின்றன. வியாழன் கிரகத்துக்கு ஒரு கலம், சூரியனை ஆராய ஒரு கலம், உலோகம் நிறைந்ததாகக் கருதப்படும் ஒரு குறுங்கோளுக்கு ஒரு கலம் என்று பட்டியல் போய்க் கொண்டே இருந்தது.

இவற்றுக்கு நடுவே அமெரிக்கக் கம்பெனியான ஸ்பேஸ்-எக்ஸ், ஒரே வருஷத்தில் நூறு ராக்கெட்டுகள் விடுவதை இலக்காக வைத்துக் கொண்டது!

வருஷக் கடைசியில் கணக்குப் பார்த்தபோது, பூமியைச் சுற்றும் பாதைக்கோ அதற்கு அப்பாலோ செல்ல உலகமெங்கும் 220-க்கு மேற்பட்ட ராக்கெட்டுகள் ஏவப்பட்டிருந்தன. ஏறக்குறைய நாற்பது மணி நேரத்துக்கு ஒன்று! முந்திய வருஷத்துக் கணக்கு 186தான். அமெரிக்கா நூறைத் தாண்டியது. சீனா 67 ஏவியது. நூறு என்று சொன்ன கம்பெனியின் பால்கன் ராக்கெட்டுகள் 96 தடவை கிளம்பின. இந்தியா ஏவியவை ஏழு. ஏழும் பழுதில்லாமல் போய்ச் சேர்ந்தன.

ஐரோப்பா முழுவதற்கும் சேர்த்து மூன்றே மூன்று! 1996-ம் வருஷம் முதல் பறந்து வந்த "ஏரியான்-5" ராக்கெட் 2023 ஜூலை 5-ந் தேதி தனது 117-வது பயணத்தோடு ஓய்வு பெற்றது. அதன் வாரிசான ஏரியான்-6 இன்னும் தயாராகவில்லை. மாமியார் புறப்பட்டுப் போய்விட்டாள். மருமகள் வந்து சேரவில்லை! யூக்ளிட் என்ற தங்கள் தொலைநோக்கிக் கலத்தைக் கூட ஐரோப்பியர்கள் ஜூலை 1-ந் தேதி அமெரிக்க ராக்கெட்டில் ஏற்றித்தான் அனுப்ப வேண்டியிருந்தது.

ஒரு விநாடி முகூர்த்தம்

ராக்கெட்டுக்கு ஏன் நாள் பார்க்க வேண்டும்?

ஓடுகிற பஸ்ஸில் ஏறுகிறவனுக்கு இது எளிதில் விளங்கும். பஸ்ஸும் ஓடுகிறது, அவனும் ஓடுகிறான். சரியான இடத்தில், சரியான வேகத்தில் கையை நீட்டினால்தான் கம்பி பிடிபடும். வானத்தில் எல்லாமே ஓடுகின்றன. பூமி சுழல்கிறது; சூரியனையும் சுற்றுகிறது. விண்வெளி நிலையம் மணிக்கு ஏறக்குறைய 28,000 கிலோ மீட்டர் வேகத்தில் பறக்கிறது. சந்திரனும் கிரகங்களும் தங்கள் தங்கள் பாதையில் போய்க் கொண்டிருக்கின்றன. இவை கணக்குப்படி பொருந்தும் நேரத்தில்தான் ராக்கெட் கிளம்ப வேண்டும்.

வியாழனுக்குச் சென்ற ஐரோப்பியக் கலத்தின் பெயர் "ஜூஸ்". குடிக்கிற ஜூஸ் அல்ல! வியாழனின் பனி மூடிய சந்திரன்களை ஆராயப் போகும் கலத்தின் பெயர்ச் சுருக்கம் அது. தென் அமெரிக்காவிலுள்ள கூரூ தளத்திலிருந்து 2023 ஏப்ரல் 13-ந் தேதி அதை அனுப்ப நாள் குறித்திருந்தார்கள். பார்க்க வந்த கூட்டத்தில் ஒரு ராஜாவும் இருந்தார். ஆனால் வானத்தில் மின்னல் அபாயம் தெரிந்தது. கிளம்புவதற்கு அனுமதிக்கப்பட்ட நேரமோ ஒரு விநாடி! "மழை விட்டதும் பார்க்கலாம்" என்று காத்திருக்க வழியில்லை. பயணம் ஒத்தி வைக்கப்பட்டது. மறுநாள் அதற்குரிய விநாடியில் ராக்கெட் கிளம்பியது.

கிளம்பியதோடு கவலை தீர்ந்ததா? இல்லை. பனிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் ரேடாரின் 16 மீட்டர் நீள ஆன்டெனா விரிய மறுத்தது. ஒரு சிறிய முளை சிக்கிக் கொண்டிருந்தது. பூமியிலிருந்தபடியே கட்டளை அனுப்பிக் கலத்தைக் குலுக்கினார்கள். வெயில் படும்படி திருப்பிச் சூடாக்கினார்கள். கடைசியில், பக்கத்திலிருந்த ஒரு விசையைத் தட்டி அதிர்ச்சி கொடுத்ததும் மே 12-ந் தேதி முளை விடுபட்டது. துருப்பிடித்த கதவைத் தட்டித் திறக்கிற அதே யுக்திதான். தட்டிய கை மட்டும் லட்சக்கணக்கான கிலோ மீட்டருக்கு இப்பால் இருந்தது!

கவிழ்த்தது ஒரு வடிகட்டி

பிரிட்டிஷ் மண்ணிலிருந்து நடந்த முயற்சி வருஷத்தின் முதல் சோகமாக முடிந்தது.

இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலுள்ள விமான நிலையத்திலிருந்து ஜனவரி 9-ந் தேதி இரவு ஒரு பழைய ஜம்போ விமானம் கிளம்பியது. அதன் இறக்கைக்கு அடியில் ராக்கெட் தொங்கியது. கடலுக்கு மேலே வெகு உயரத்தில் விமானம் ராக்கெட்டை விடுவித்தது. முதல் பாகம் ஒழுங்காக எரிந்தது. இரண்டாவது பாகத்தில் எரிபொருள் செல்லும் வழியில் இருந்த ஒரு வடிகட்டி இடம் பெயர்ந்துவிட்டது. எஞ்சின் சூடேறி நின்றது. ஒன்பது செயற்கைக் கோள்களும் போயின.

அந்த ராக்கெட்டை விட்ட வர்ஜின் ஆர்பிட் கம்பெனி மீண்டும் எழுந்திருக்கவில்லை. ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் திவால் மனு கொடுத்தது. வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். ஒரு சிறு சாமான் நழுவியதற்குக் கொடுத்த விலை இது!

ஜப்பானின் கதை இன்னும் பொறுமையைச் சோதித்தது. பிப்ரவரி 17-ந் தேதி தானேகாஷிமா தீவில் எச்-3 ராக்கெட்டின் பிரதான எஞ்சின் தீப்பிடித்தது. பக்கத்தில் கட்டியிருந்த துணை ராக்கெட்டுகள் பற்றவில்லை. கருவிகள் தவறைக் கண்டு பிடித்து, ராக்கெட்டைத் தளத்திலேயே நிறுத்திவிட்டன. மார்ச் 7-ந் தேதி மறுபடியும் விட்டார்கள். இந்தத் தடவை ராக்கெட் அழகாக மேலே போயிற்று. ஆனால் இரண்டாவது பாகம் பற்றவில்லை. இனிப் பயனில்லை என்று கண்டு, தரையிலிருந்தே கட்டளை அனுப்பி அதை அழித்தார்கள். அதோடு பூமியைப் படம் எடுக்க வேண்டிய ஒரு செயற்கைக் கோளும் அழிந்தது.

ஜப்பானியர்கள் காரணத்தைத் தேடினார்கள், திருத்தினார்கள். 2024 பிப்ரவரி 17-ந் தேதி, அதாவது முதல் முயற்சி நின்ற அதே தேதியில், எச்-3 வெற்றிகரமாகப் பாதையை அடைந்தது.

வெடித்ததும் கை தட்டினார்கள்!

ராக்கெட் வெடித்தால் அழுவார்கள் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். கை தட்டியவர்களும் உண்டு!

அமெரிக்காவில் டெக்ஸாஸ் கடற்கரையில் ஸ்பேஸ்-எக்ஸ் கம்பெனி "ஸ்டார்ஷிப்" என்ற ராட்சத ராக்கெட்டை நிறுத்தியிருந்தது. உயரம் ஏறக்குறைய 120 மீட்டர். முதல் பாகத்தில் மட்டும் 33 எஞ்சின்கள். ஏப்ரல் 17-ந் தேதி ஒரு வால்வு உறைந்து போனதால் நிறுத்தினார்கள். 20-ந் தேதி கிளம்பியது. சில எஞ்சின்கள் வேலை செய்யவில்லை. நான்கு நிமிஷம் போனதும் ராக்கெட் தலை சுற்றி வெடித்தது. கிளம்பிய வேகத்தில் தளத்தின் கான்கிரீட் பெயர்ந்து துண்டு துண்டாகப் பறந்தது. மைல் கணக்கான தூரத்தில் இருந்த ஊரில் கூடப் புழுதி விழுந்தது.

கை தட்டியவர்கள் சொன்ன நியாயம் இது: ஆள் இல்லாத சோதனையில் வெடித்தால் கற்றுக் கொள்ளலாம். தளத்தில் தண்ணீர் பீச்சும் எஃகுத் தகட்டைப் போட்டார்கள். பாகங்கள் பிரியும் முறையை மாற்றினார்கள். நவம்பர் 18-ந் தேதி நடந்த இரண்டாவது சோதனையில் 33 எஞ்சின்களும் எரிந்தன. இரு பாகங்களும் பிரிந்தன. பிறகு இரண்டும் அழிந்தன என்றாலும், முதல் தடவை வந்த கோளாறுகள் திரும்ப வரவில்லை.

எல்லோராலும் இப்படிச் செய்ய முடியாது. பணக்காரன் பத்துப் பானை உடைத்துச் சமையல் கற்பான். ஏழை வீட்டில் ஒரு பானை உடைந்தால் அன்றைக்கு அடுப்பு எரியாது. பொதுப் பணத்தில் ஒரே ஒரு கலத்தைச் செய்து அனுப்புகிற நாடுகள், அனுப்புவதற்கு முன்பே எல்லாவற்றையும் சோதித்துவிட வேண்டியிருக்கிறது.

ஆறு மாதத்துக்குப் போனவர் ஒரு வருஷம் இருந்தார்!

ஆள் இருக்கும் கலமானால் கணக்கே வேறு.

பிராங்க் ரூபியோ அமெரிக்கர், டாக்டர். 2022 செப்டம்பரில் இரண்டு ருஷ்ய வீரர்களோடு "சோயுஸ்" கலத்தில் விண்வெளி நிலையத்துக்குப் போனார். ஆறு மாதத்தில் திரும்புவதாக ஏற்பாடு. வீட்டில் மனைவியும் நான்கு குழந்தைகளும் நாட்களை எண்ணிக் கொண்டிருந்தார்கள்.

டிசம்பர் மாதத்தில் ஒரு நாள், நிலையத்தோடு இணைக்கப்பட்டிருந்த அந்தச் சோயுஸ் கலத்திலிருந்து திரவம் பீறிட்டுக் கொட்டியது. கலத்தைக் குளுமையாக வைக்கும் திரவம் அது. மிகச் சிறிய விண்கல் ஒன்று துளைத்திருக்க வேண்டும் என்று ருஷ்ய நிபுணர்கள் முடிவு செய்தார்கள். அந்தக் கலத்தில் மூவரும் இறங்கினால் உள்ளே வெப்பம் தாங்க முடியாமல் போகலாம். என்ன செய்வது?

2023 பிப்ரவரியில் வேறொரு சோயுஸ் கலத்தை ஆளில்லாமல் மேலே அனுப்பினார்கள். ஓட்டைக் கலம் மார்ச் மாதத்தில் காலியாகத் தரைக்கு வந்தது. மூன்று வீரர்களும் நிலையத்திலேயே தங்கி, அடுத்த குழு வரும் வரையில் இரண்டு மடங்கு காலம் வேலை செய்தார்கள். செப்டம்பர் 27-ந் தேதி கஜகஸ்தான் சமவெளியில் இறங்கியபோது அவர்கள் விண்வெளியில் கழித்த நாட்கள் 371! தொடர்ச்சியாக அத்தனை நாள் விண்வெளியில் இருந்த அமெரிக்கர் அதற்கு முன் யாருமில்லை.

ஒரு வருஷம் இருக்க வேண்டியிருக்கும் என்று பயிற்சிக்கு முன்பே கேட்டிருந்தால் குடும்பத்தை நினைத்து மறுத்திருப்பேன் என்று ரூபியோ பிற்பாடு ஒளிவு மறைவு இல்லாமல் சொன்னார். சாதனைப் புத்தகத்தில் பெயர் ஏறியது. ஆனால் அவர் அந்தச் சாதனையைத் தேடிப் போகவில்லை.

அவர் மேலே இருந்த காலத்தில் ஒரு வேடிக்கையும் நடந்தது. மே 30-ந் தேதி சீனாவிலிருந்து மூன்று வீரர்கள் புதிதாகச் சென்றபோது, சர்வதேச நிலையத்திலும் சீன நிலையத்திலுமாகச் சேர்த்து 17 பேர் ஒரே சமயத்தில் பூமியைச் சுற்றிக் கொண்டிருந்தார்கள். அதுவரை அத்தனை பேர் ஒரே நேரத்தில் அங்கே இருந்ததில்லை.

சந்திரனுக்கு மூவர்; இறங்கியது ஒருவர்

2023-ல் சந்திரனில் இறங்க மூன்று கலங்கள் முயன்றன.

முதலாவது ஜப்பானியக் கம்பெனியின் "ஹக்குட்டோ-ஆர்". ஏப்ரல் மாதக் கடைசியில் அது இறங்கத் தொடங்கியது. வழியில் ஒரு பெரிய பள்ளத்தின் விளிம்பைத் தாண்டியது. அப்பொழுது தரை திடீரென்று பல கிலோ மீட்டர் தாழ்ந்ததாக உயரம் அளக்கும் கருவி சொன்னது. அது சொன்னது உண்மை. கலத்தின் கம்ப்யூட்டரோ, "கருவி கெட்டுவிட்டது" என்று முடிவு கட்டி அதை ஒதுக்கிவிட்டது! தரையை நெருங்கிவிட்டதாகக் கம்ப்யூட்டர் நினைத்தபோது, உண்மையில் ஏறக்குறைய ஐந்து கிலோ மீட்டர் உயரத்தில் கலம் தொங்கிக் கொண்டிருந்தது. எரிபொருள் தீர்ந்தது, விழுந்தது.

இரண்டாவது ருஷ்யாவின் லூனா-25. சந்திரனுக்கு முதன் முதலில் யந்திரம் அனுப்பிய நாடு, 1976-ம் வருஷத்து லூனா-24-க்குப் பிறகு 47 வருஷம் கழித்து மீண்டும் புறப்பட்டது. ஆகஸ்டு 11-ந் தேதி கிளம்பி 16-ந் தேதியே சந்திரனைச் சுற்றத் தொடங்கிவிட்டது. 21-ந் தேதி இறங்குவதாக ஏற்பாடு. 19-ந் தேதி பாதையை மாற்ற எஞ்சினை 84 விநாடி எரிய விட வேண்டும். எஞ்சின் நிற்க வேண்டிய நேரத்தில் நிற்காமல் 127 விநாடி எரிந்தது. அந்த 43 விநாடியில் அரை நூற்றாண்டுக் கனவு சந்திரனில் மோதிச் சிதறியது.

மூன்றாவது சந்திரயான்-3.

ஜூலை 14-ந் தேதி பிற்பகல் 2 மணி 35 நிமிஷத்துக்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய சந்திரயான், சந்திரனுக்குப் போய் இறங்க நாற்பது நாள் எடுத்துக் கொண்டது. இந்திய ராக்கெட் ருஷ்ய ராக்கெட்டைப் போல ஒரே மூச்சில் தள்ளவில்லை. பூமியைப் பல தடவை சுற்றி, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்து போயிற்று. வண்டி மெதுவாகப் போனாலும் செலவு குறைவு!

இறங்கும் நாளையும் காரணத்தோடுதான் குறித்தார்கள். சந்திரனில் ஒரு பகல் நமது பதினான்கு நாட்களுக்குச் சமம். கலம் வெயிலில் மின்சாரம் செய்து வாழ்கிறது. சூரியன் உதித்ததும் இறங்கினால்தான் முழுப் பகலும் வேலை செய்யலாம். இறங்கும் இடத்தில் சூரியன் உதிக்கும் நாள் ஆகஸ்டு 23. அன்று ஏதாவது சந்தேகம் வந்தால் 27-ந் தேதிக்குத் தள்ளிப் போடவும் முன்கூட்டியே தயாராக இருந்தார்கள்.

தோல்வியைப் பிரித்துப் படித்தவர்கள்

சந்திரயான்-3 உண்மையில் நான்கு வருஷத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. 2019 செப்டம்பர் 7-ந் தேதி அதிகாலையில், சந்திரயான்-2-ன் விக்ரம் கலம் தரைக்குச் சுமார் இரண்டு கிலோ மீட்டர் இருக்கும்போது பேச்சை நிறுத்தியது. அது எப்படி விழுந்தது என்பதை விஞ்ஞானிகள் நூல் நூலாகப் பிரித்துப் பார்த்தார்கள்.

அதன் பிறகு செய்த மாற்றங்கள் பல. இறங்குவதற்கு அரைக் கிலோ மீட்டர் சதுரம் என்று இருந்த இடத்தை, 4 கிலோ மீட்டர் நீளமும் 2.4 கிலோ மீட்டர் அகலமும் உள்ள இடமாகப் பெரிதாக்கினார்கள். கால்களை வலுப்படுத்தினார்கள். எரிபொருளைக் கூட்டினார்கள். ஐந்து எஞ்சின்களை நான்காக்கினார்கள். "எப்படி வெற்றி பெறும்?" என்று கேட்பதை விட்டு, "எது எது கெட்டுப் போகலாம்? கெட்டாலும் எப்படி இறங்குவது?" என்று கேட்டுத் திட்டம் போட்டார்கள்.

இந்தத் திட்டத்தின் இயக்குநர் ப. வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். தகப்பனார் ரெயில்வேயில் வேலை பார்த்தவர். மகன் படித்ததும் அந்த ஊர் ரெயில்வே பள்ளிக்கூடத்தில்தான். சந்திரனின் மண்ணைப் போன்ற மண் வேண்டும் என்று தேடியபோது, அதற்கான பாறையும் தமிழ்நாட்டிலேயே கிடைத்தது. நாமக்கல் பக்கத்திலுள்ள சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிகளின் பாறை சந்திரனின் மேட்டுப் பகுதிப் பாறையை ஒத்தது. அதைப் பொடி செய்து பரப்பித்தான் இறங்கும் கலத்துக்கும், அதனுள் இருந்து உருண்டு வரும் வண்டிக்கும் சோதனை நடத்தினார்கள்.

ஆகஸ்டு 23-ந் தேதி மாலை 6 மணி 4 நிமிஷம். விக்ரம் சந்திரனின் தென் துருவத்துக்கு அருகே கால் ஊன்றியது. சந்திரனில் பத்திரமாகக் கலத்தை இறக்கிய நான்காவது நாடு இந்தியா; அந்தத் தென்பகுதியில் இறங்கிய முதல் நாடும் இந்தியாதான். 26 கிலோ எடையுள்ள "பிரக்ஞான்" வண்டி வெளியே வந்து உருண்டது. மண்ணில் கந்தகம் இருப்பதைக் கண்டு சொன்னது. செப்டம்பர் தொடக்கத்தில் இரண்டையும் தூங்க வைத்தார்கள். இரவு கழிந்து அவை விழிக்கவில்லை. ஒரு பகல் வேலைக்கு என்று அனுப்பப்பட்டவை அந்தப் பகல் வேலையை முடித்துவிட்டன.

பத்து நாள் போவதற்குள், செப்டம்பர் 2-ந் தேதி, சூரியனை ஆராயும் "ஆதித்யா-எல் 1" ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. அதன் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டையில் பிறந்தவர். பூமியிலிருந்து 15 லட்சம் கிலோ மீட்டரில் உள்ள தனது இடத்தை ஆதித்யா 2024 ஜனவரி 6-ந் தேதி அடைந்தது.

ஐந்து விநாடிக்கு முன் "நில்!"

அக்டோபர் 21-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவில் நடந்தது சிறிய சோதனை. மேலே பாதையில் சுற்றப் போகும் ராக்கெட் கூட அல்ல. இந்திய வீரர்கள் வருங்காலத்தில் பயணம் செய்ய வேண்டிய "ககன்யான்" கலத்தை, ஆபத்து நேர்ந்தால் ராக்கெட்டிலிருந்து பிய்த்துக் கொண்டு வருகிற ஏற்பாடு வேலை செய்கிறதா என்ற பரீட்சை.

காலை 8 மணிக்கு என்றார்கள். வானிலையால் 8-45 ஆயிற்று. எண்ணிக்கை இறங்கிக் கொண்டே வந்தது. ஐந்து விநாடி பாக்கி இருக்கும்போது கம்ப்யூட்டர் நிறுத்திவிட்டது! நாடு முழுவதும் டெலிவிஷனில் பார்த்துக் கொண்டிருந்தது. நிபுணர்கள் காரணத்தைக் கண்டு பிடித்தார்கள், சரி செய்தார்கள். 10 மணிக்கு ராக்கெட் கிளம்பியது. கலம் பிரிந்தது, பாராசூட் விரிந்தது, கடலில் மெதுவாக இறங்கியது. கடற்படையினர் அதை எடுத்து வந்தார்கள்.

அந்த ஐந்து விநாடி நிறுத்தத்தைச் சிலர் கேலியாகப் பேசியிருக்கலாம். கேலி செய்கிறவர்கள் 1986 ஜனவரி 28-ந் தேதியை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அன்று அமெரிக்காவில் "சாலஞ்சர்" விண்வெளி ஓடம் கிளம்ப வேண்டும். ஏற்கனவே பல தடவை ஒத்தி வைத்தாகிவிட்டது. பள்ளிக்கூட ஆசிரியை ஒருவரும் அதில் போகிறார். நாட்டுக் குழந்தைகளெல்லாம் டெலிவிஷனைப் பார்த்துக் காத்திருக்கிறார்கள். இரவு கடுங்குளிர். தளத்தில் பனிக்கட்டி தொங்கியது. "இந்தக் குளிரில் ரப்பர் வளையம் விறைத்துப் போகும், விட வேண்டாம்" என்று துணை ராக்கெட்டைச் செய்த கம்பெனியின் என்ஜினீயர்கள் முதல் நாள் இரவே வாதாடினார்கள். மேலதிகாரிகள் கேட்கவில்லை. ஓடம் கிளம்பி 73-வது விநாடியில் சிதறியது. ஏழு பேர் மாண்டார்கள்.

அன்றைக்கு யாராவது ஒருவர் "இன்னும் ஒரு நாள் பொறுப்போம்" என்ற சொல்லை நிலைநாட்டியிருந்தால், அந்த ஏழு பேரும் வீடு திரும்பியிருக்கலாம். நாள் குறிப்பதற்குக் கணக்குத் தெரிந்தால் போதும். குறித்த நாளை எல்லோரும் பார்த்திருக்க ரத்து செய்வதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

தாமதித்தவர்கள் என்ன ஆனார்கள்?

"சைக்கே" என்ற அமெரிக்கக் கலம் 2022-லேயே போயிருக்க வேண்டியது. அதை நடத்தும் கம்ப்யூட்டர் கட்டளைகளைச் சோதித்து முடிக்கவில்லை என்று சொல்லி முகூர்த்தத்தையே விட்டுவிட்டார்கள். ஒரு வருஷம் தாமதித்து 2023 அக்டோபர் 13-ந் தேதி நல்லபடியாகக் கிளம்பியது.

வல்கன் ராக்கெட்டின் மேல் பாகம் ஒன்று மார்ச் மாதம் தரையில் சோதிக்கும்போது வெடித்தது. முதல் பயணம் அந்த வருஷம் நடக்கவில்லை. சுவரைப் பலப்படுத்தி 2024 ஜனவரி 8-ந் தேதி விட்டார்கள். ராக்கெட் தன் வேலையைச் சரியாகச் செய்தது. ஏரியான்-6 2024 ஜூலை 9-ந் தேதிதான் முதல் தடவை பறந்தது.

தாமதித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. ஸ்டார்லைனர் கலத்தில் பாராசூட் கயிற்று இணைப்பிலும், கம்பிகளைச் சுற்றிய பட்டையிலும் குறை கண்டு 2023 பயணத்தை நிறுத்தினார்கள். 2024 ஜூனில் இரண்டு வீரர்களோடு கிளம்பியது. போய்ச் சேரும்போதே சில விசை எஞ்சின்கள் மக்கர் செய்தன. அந்தக் கலத்தில் ஆட்களை ஏற்றித் திருப்பி அனுப்புவதில்லை என்று முடிவாயிற்று. கலம் வெறுமனே வந்து இறங்கியது. ஒரு வாரம் போல இருந்துவிட்டு வரலாம் என்று போன சுனிதா வில்லியம்ஸும் புட்ச் வில்மோரும் ஒன்பது மாதம் கழித்து, 2025 மார்ச்சில் வேறு கலத்தில் திரும்பினார்கள். உயிரோடு திரும்பினார்கள் என்பதுதான் முக்கியம்.

பையில் வந்த புதையல்

2023-ம் வருஷம் போனவற்றின் கதை மட்டுமல்ல, வந்ததும் உண்டு. 2016-ல் கிளம்பிய "ஓசைரிஸ்-ரெக்ஸ்" என்ற அமெரிக்கக் கலம் பென்னு என்ற குறுங்கோளைத் தொட்டு, அதன் மண்ணை அள்ளிக் கொண்டு, ஏழு வருஷம் கழித்துத் திரும்பியது. செப்டம்பர் 24-ந் தேதி அந்த மண் அடங்கிய பெட்டி பாராசூட்டில் யூட்டா பாலைவனத்தில் இறங்கியது. திறந்து நிறுத்துப் பார்த்தபோது 121.6 கிராம் இருந்தது. ஒரு கைப்பிடி மண்தான்! சூரிய மண்டலம் பிறந்த காலத்து மண் என்பதால், உலகமெங்கும் உள்ள விஞ்ஞானிகள் அதைச் சிட்டிகை சிட்டிகையாகப் பங்கு போட்டு ஆராயத் தொடங்கினார்கள்.

அந்த வருஷம் கிளம்பியவற்றில் இரண்டு நீண்ட தூரப் பிரயாணிகள். சைக்கே தன் குறுங்கோளை அடைய 2029 என்று கணக்கு. ஜூஸ் வியாழனை அடைய 2031 ஜூலை. ஏவிய அன்று ஐந்தாம் வகுப்பில் இருந்த குழந்தை, ஜூஸ் போய்ச் சேரும்போது கல்லூரியில் படித்துக் கொண்டிருக்கும். இன்றைக்கு அந்தக் கலத்துக்குக் கட்டளை அனுப்புகிறவர்களில் சிலர் அதற்குள் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருப்பார்கள். அவர்கள் எழுதி வைத்த கணக்கை வைத்துக் கொண்டு, புதிதாக வந்த பிள்ளைகள் எஞ்சினை எத்தனை விநாடி எரிய விட வேண்டும் என்று சரி பார்ப்பார்கள்; ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக!